பாங் செயலாளரின் வயிறு

சீனாவின் ஹார்பின் ஆற்றங்கரை இசைக்குழுவின் கட்சிச் செயலாளர் பாங் தேஷானின் வயிறு 1964 நவம்பர் முதல் ஈ மைனர் என்ற சோகச் சுரவரிசையில் பாடிவந்தது. பசித்தால் பாடும், சாப்பிட்டால் அடங்கும். சுருதி ஒருநாளும் பிசகியதில்லை. அந்த ஆண்டு முட்டைக்கோஸ் அமோக விளைச்சல். வீட்டுக்கு வீடு மாடிப்படியெல்லாம் குவிந்து கிடந்தது.

வயிறு பாடியது கூ யான்ஷெங்கின் இசை. கூ அந்தக் குழுவின் இசையமைப்பாளர். பயந்த சுபாவம், எதற்கும் தலையாட்டுகிறவர். மனைவி வெய்லான் அதே குழுவில் புல்லாங்குழல் வாசித்தாள். மூன்று மாதப் பெண்குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த வாரம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கூ தன் சிம்பொனியின் மெதுவான இரண்டாம் பகுதியில் புல்லாங்குழலுக்கென்று முப்பத்தேழு தாளக்கட்டங்களை எழுதி மேசையில் வைத்தார். அவள் எடுத்து வாசித்தாள். அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அக்கால வழக்கப்படி எந்த இசையும் கூட்டத்தில் தேறியாக வேண்டும். தலைவர்கள் கருத்தைத் தருவார்கள், மக்கள் வாழ்க்கையைத் தருவார்கள், இசையமைப்பாளர் காகிதமும் மையும் தந்தால் போதும். டிராம் ஓட்டும் அம்மாள் ஒருத்தி மூன்றாம் பகுதியில் டிராம் மணி வேண்டும் என்றாள், சேர்த்தார்கள். கொதிகலன் தொழிலாளர்களின் பிரதிநிதி நன்றாகத் தூங்கி எழுந்து, முழுமனதாக ஆதரிப்பதாகச் சொன்னார். பாங் சிவப்புப் பென்சிலை எடுத்து முப்பத்தேழு கட்டங்களையும் அடித்தார். "வெளைச்சல் இவ்ளோ நல்லா இருக்கு, யாருக்காக இந்த அழுகை?" என்று கேட்டார். கூ தலையாட்டினார். அன்று மாலை பாங் கேண்டீனில் மூன்று தட்டு இறைச்சிக் கொழுக்கட்டை சாப்பிட்டார். அடித்த கட்டங்களும் கூடவே உள்ளே போய்விட்டன.

இசைத்தாளை எரித்தார்கள். அதோடு, அந்தக் கட்டங்களை மறந்துவிட்டதாகக் கூ சுயவிமரிசனம் எழுதித்தர வேண்டியிருந்தது. மனப்பூர்வமாக இல்லை என்று பாங் இரண்டு முறை திருப்பியனுப்பினார். மூன்றாம் முறை கூ எவ்வளவு மனப்பூர்வமாக எழுதினார் என்றால், கையெழுத்து காய்வதற்குள் நிஜமாகவே மறந்துபோனார். கீழ்ப்படிவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? வெய்லான் மறக்க மாட்டேன் என்றாள். அவளை நாணல் வெட்டும் பண்ணைக்கு அனுப்பினார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் நிமோனியா கண்டு அங்கேயே இறந்தாள். அடுத்த பத்தாண்டுகளில் கூ கொதிகலன்களைப் புகழ்ந்து ஏழு சேர்ந்திசைப் பாடல்களும், பன்றிப் பண்ணை பற்றி ஒரு பியானோ கான்செர்ட்டோவும் எழுதினார். எல்லாவற்றுக்கும் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. எதிலும் புல்லாங்குழல் இல்லை. பாங்கோ வாய் ஓயாமல் தின்று, இரண்டு நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்குப் பெருத்தார். அவர் மக்களுக்காகத்தான் சாப்பிடுகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

1979இல் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கூவுக்கு இழைத்தது தவறாம். சிம்பொனியை அசல் வடிவிலேயே மே மாதம் அரங்கேற்ற வேண்டுமாம். மறக்கச் சொன்ன உத்தரவுக்குச் சட்டென்று பணிந்த மூளை, நினைக்கச் சொன்ன உத்தரவுக்கு அசைந்து கொடுக்கவில்லை. குழந்தையைப் பற்றி மனைவியோடு பேசிய ஒரே பேச்சு தன்னிடம் இல்லை என்பது கூவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கட்டங்கள் மிஞ்சியிருந்த ஒரே இடத்தைத் தேடி, வெற்று இசைத்தாளோடு பாங் வீட்டுக் கதவைத் தட்டினார். பாங் சாசேஜ் தின்றுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு நாள் பட்டினி கெடங்க, செயலாளரே."

"வெளையாடுறியா? பதினஞ்சு வருஷமா ஒரு வேளை விடாம திங்கிறேனே, ருசிக்கா திங்கிறேன்? அது பாட ஆரம்பிச்சா ஏதோ கொழந்த அழுவுற மாதிரி இருக்குய்யா."

"எங் கொழந்ததான்," என்றார் கூ.

பாங் சாசேஜைத் தட்டில் வைத்தார். மறுநாள் வயிறு பாடியது. கூ அழுதுகொண்டே எழுதினார். ஆனால் மை காய்ந்ததும் எழுத்து மறைந்தது. எழுதிக்கொடுத்த வாக்கை அவருடைய கை மீறவில்லை. எத்தனை முறை எழுதினாலும் அதே கதைதான்.

வேறு வழியில்லை. மே மாதம் வெய்லானின் நாற்காலியோடு இன்னொன்றைச் சேர்த்துப் போட்டு, மூன்று நாள் பட்டினி கிடந்த பாங்கை, சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, மேடையில் உட்காரவைத்தார்கள். கூ கையசைத்ததும் வயிறு முப்பத்தேழு கட்டங்களையும் வழுவாமல் பாடியது. மூன்றாம் வரிசையில் இருந்த டிராம் அம்மாள் மூக்கைச் சிந்தியபடி, அந்த மணி அன்றே வேண்டாத வேலை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

நிகழ்ச்சி முடிந்து பாங்குக்குக் கொழுக்கட்டை வந்தது. அவர் தொடவில்லை.

"கொழந்த பேரு என்ன?"

"அன்னிங்." அவளைப் புதைத்த பிறகு கூ அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

பாங் விட்டதைப் பிடித்துவிடுகிற ஆள். உடனே கூட்டம் கூட்டி, மூன்று மணிநேரம் விவாதித்து, தீர்மானம் நிறைவேற்றி, முத்திரை குத்தினார். இப்போது ஆண்டுதோறும் மே மாத நிகழ்ச்சித்தாளில் இரண்டாம் பகுதியின் பெயர் 'அன்னிங்'. அடியில் 'வயிறு: தோழர் பாங் தேஷான்' என்று போட்டிருக்கும். மே மாதம் பிறந்தால் அவர் வீட்டுக்கு யாரும் பலகாரம் கொண்டுபோவதில்லை.