காட்டைப் பார்த்த பலகை

வில்பத்துக் காட்டுப் பாதையால் எலுவன்குளத்துக்கு வந்தால், முதலில் தெரிவது கமீலா மாமியின் வீடு. அதன் முன்னால் அவருடைய மகன் ஸஜீத் நானா தேத்தண்ணிக் கடை போட்டார். பெயர்ப்பலகை எழுத என்னைக் கூப்பிட்டு, ‘நடையார் கடை’ என்று எழுதச் சொன்னார்.

மாமி விடவில்லை.

தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மன்னார்ப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் இந்தக் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். அவர்களில் மாமியும் ஒருவர், அப்போது சிறுபிள்ளை. வந்தவர்களை ஊரில் நடையார் என்றார்கள். கிணற்றடியிலும் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலும் அந்தச் சொல் சிரிப்போடு வந்தது. மற்றவர்கள் புத்தளம் டவுனுக்குப் போய்விட்டார்கள். காட்டோரத்தில் தங்கிய ஒரே குடும்பமான மாமி வீட்டாருக்கு அது பெயராகவே ஒட்டிக்கொண்டது.

“அதை எழுதினா நான் கடைக்குள்ள கால் வைக்கமாட்டன்,” என்றார் மாமி. அவர் சுடும் ரொட்டி இல்லாவிட்டால் கடையே இல்லை.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றில், நடப்பவர்களையும் எல்லையில் வாழ்பவர்களையும் ஒரே பெயரால் மதிப்போடு அழைக்கும் மலைநாட்டார் வருவார்கள். அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் எனக்கு மாமியின் முகம்தான் தெரிந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

“புத்தகத்தில வாற ஆக்களப் பார்த்து யாரும் கிணத்தடியில சிரிக்கல்ல, புள்ள.”

மாமியின் வாசலில் எப்போதும் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். யாருக்கென்று அவர் சொன்னதில்லை.

நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தபோது காட்டுப் பக்கமிருந்து ஒருவர் வியர்த்து வழிய வந்தார். பெயர் கில்பட். காட்டுக்குள் இருக்கும் அந்தோனியார் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் வான் வண்டி பழுதாகிவிட்டதாம்.

“நடையார் வீடு இதுதானே?”

மாமியின் முகம் இறுகியது. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார்.

“எங்கட அப்பா. காட்டால வெளிய வந்தா நடையார் வீட்டுக்குப் போ, கேக்காமலே தண்ணி தருவாங்க எண்டு சொல்லுவார். கோயிலுக்கு வாற எல்லாருக்கும் தெரியுமே.”

மாமி பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். கில்பட் குடித்துவிட்டுப் போனதும், மாமி பானையை மறுபடி நிரப்பினார்.

“எழுது,” என்றார் என்னிடம். “ஆனா றோட்டைப் பார்த்து வைக்காத. காட்டைப் பார்த்து வை.”

அப்படியென்றால் பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தெரியாதே என்று ஸஜீத் நானா முணுமுணுத்தார்.

“பஸ்ஸில வாறவனுக்கு என்ன தாகம்?”

சொல்லிவிட்டு, மா குழைக்கக் கடைக்குள் போனார்.