மஞ்சள் சுவரில் ஒரு கறை

படம் எடுப்பவர் என் கணவர். எடுத்த படத்தைத் துடைப்பது நான். மெக்சிகோவில் எங்கள் ஊர் அத்லிஸ்கோ. இங்கே எந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்து விழா எடுத்தாலும், அவள் படத்துக்குப் பின்னால் தொங்கும் மின்கம்பி, குப்பைத் தொட்டி, குறுக்கே வந்த நாய் எல்லாம் என் கையால்தான் காணாமல் போகும். இருபது வருடமாக இதே பிழைப்பு. நாயை எடுத்ததற்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

யாரெட்சியின் படங்களைப் பார்க்க அவள் அம்மா எவ்லாலியா தனியாகத்தான் வந்தாள். பழைய மடத்துத் தோட்டத்தில், ஊதா கவுனில் பெண். பின்னால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப்புறம் மஞ்சள் சுவர். சுவரோரம் தொப்பி போட்ட ஓர் ஆள். பதினொரு படத்திலும் அதே ஆள்.

“அந்தக் கறைய எடுத்துடு,” என்றாள்.

“ஆளா, கறையா?”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அபுந்தியோ.”

அவளை விட்டுப் போன புருஷன். படம் எடுக்கும் நாளில் அப்பா வந்தால் விழாவில் முதல் நடனம் அப்பாவோடு, வராவிட்டால் மாமாவோடு, அதோடு அப்பா பேச்சே எடுக்க மாட்டேன் என்று யாரெட்சி சொல்லியிருந்தது தெருவுக்கே தெரியும். படத்தில் அவள் கண் கேமராவைத் தாண்டி வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவனோ அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும்.

“வந்திருக்கானேடி,” என்றேன்.

“வந்தான், ஒளிஞ்சு நின்னான், போயிட்டான். அவ சர்ச்சுல முதல் நன்மை வாங்கின விருந்துக்கு வந்தானே, ஞாபகம் இருக்கா? குடிச்சுட்டு கேக் மேலயே விழுந்தான். குழந்தை ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகலை. இப்ப இருநூறு பேர் முன்னாடி அவ கையப் பிடிச்சு ஆடணுமா? நீயே சொல்லு.”

என்னைக் குவாதலூப்பே மாதா படத்தின்மேல் கை வைக்கச் சொன்னாள். அந்த ஆளை எடுத்துவிட வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது. வைத்தேன். வைத்த கையை வெட்டிப் போடலாம்.

மறுநாள் அபுந்தியோவே கடைக்கு வந்துவிட்டான்.

“அக்கா, எவ்லாலியா எப்படியும் என்னை எடுக்கச் சொல்லுவா. ஒரே ஒரு படத்துல என்னை விட்டு வைங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவ்வளவு தூரம் வந்தவனுக்கு முன்னாடி போறதுக்கென்ன? கால்ல ஆணி அடிச்சிருந்தாங்களா?”

“கட்டட வேலையிலேர்ந்து அப்படியே வந்தேன்க்கா. சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அவ ராணி மாதிரி நிக்கறா, சுத்தி அத்தைங்க. கால் வரலை.”

“வந்தேன்னு உன் பொண்ணுகிட்ட சொல்லித் தொலைக்கறதுதானே?”

“சொன்னேன். இதையும் நம்பணுமான்னு கேட்டு போனை வெச்சுட்டா. குடிய விட்டு ஏழு மாசம் ஆச்சு. அதையும்தான் யாரும் நம்பலை.”

வாடை வருகிறதா என்று வெட்கமில்லாமல் மோந்து பார்த்தேன். சுண்ணாம்பு வாடைதான் வந்தது. பாவி, குடித்திருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்க என்ன இருக்கிறது?

ஆளை எடுப்பது பெரிய வித்தையில்லை. பக்கத்துச் சுவரை எடுத்து அவன்மேல் பூச வேண்டும். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் ஒரே விரிசல் இரண்டு முறை வந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் எடுக்க வேண்டும். வேலிக் கம்பியைத் திரும்ப வரைய வேண்டும். கடைசியாக நிழல். கற்றுக்குட்டிகள் ஆளை எடுத்துவிட்டு நிழலை மறந்துபோவார்கள். நான் மறப்பவளில்லை.

பத்துப் படத்தில் நிழலையும் எடுத்தேன். மண்டபத்து வாசலில் வைக்கப்போகும் பெரிய படத்தில் மட்டும் விட்டுவைத்தேன். ஆளை எடுப்பதாகத்தான் சத்தியம். நிழலைப் பற்றி மாதா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெண் கெட்டிக்காரி. பார்த்தால் கேட்பாள், கேட்டால் அம்மாக்காரி சொல்லித்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை காலை அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். யாரெட்சி கணினித் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“அக்கா, சுவத்துல என்ன கறை இது?”

“நிழல்மா.”

“யாரோடது?”

நான் எவ்லாலியாவைப் பார்த்தேன். அவள் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மரத்தோடதா இருக்கும்,” என்றாள்.

“அங்க மரமே இல்லையேம்மா,” என்று பெண் சிரித்தாள். “எடுத்துடுங்கக்கா. வர்றவங்க கண்ணெல்லாம் அதுமேலதான் போகும்.”

சத்தியமாவது மண்ணாவது, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. “யாரெட்சி, அன்னிக்குத் தோட்டத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“அன்னிக்கு யாரும் வரலைக்கா. அந்தப் பேச்சே வேண்டாம். நான் மாமாவோட ஆடப் பழகிட்டேன்.”

நான் மவுஸைக் கையில் எடுத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் காட்டத் தொடங்கினாள்.

“இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு. இது தொப்பி மாதிரி இல்ல? அதையும் எடுத்துடுங்க.”

காட்டிய இடமெல்லாம் துடைத்தேன். தொப்பி போயிற்று, தோள் போயிற்று. எவ்லாலியா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். முடிந்ததும் யாரெட்சி திரையில் மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தாள்.

“சூப்பர்க்கா,” என்றாள். “அங்க ஏதோ இருந்துச்சுன்னு சொன்னாக்கூட இனி யாரும் நம்ப மாட்டாங்க.”