மடியில் இருப்பது எது?

1

இந்தக் கதை ஒரு போட்டோவில் தொடங்கியது. இன்று மாலை பட்டினச்சேரிக் கடற்கரையிலிருந்து என் மனைவி சந்திரலேகா அனுப்பினாள். ஈர மணலில் ஒரு நத்தை ஓடு. வெளிறிய முதுகில் பழுப்புக் கோடுகள். பார்த்ததும் முதல் வரி எழுதினேன்:

கடல் தன் அழகையெல்லாம் ஒரு சின்ன

(பொய். பார்த்ததும் பயந்துபோனேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

படத்தில் இருப்பது குமிழ் நத்தை என்றால் பயமில்லை. ஓடு மெல்லியது, உப்பியது, வாய் அகலம். கூம்பு நத்தை என்றால் ஓடு கனம், வாய் நீளமான கீறல் மாதிரி. கொட்டினால் ஆளையே கொல்லக்கூடிய இனங்கள் அதில் உண்டு. கோடுகள் இரண்டிலும் வரும்.* வாய் இருப்பது அடிப்பக்கத்தில். எல்லோரையும் போல அவளும் அழகான பக்கத்தைத்தான் படமெடுத்திருந்தாள்.

* நானும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் வர்ணிக்கப் போனேன்.

3

போன் செய்தேன்.

"அதத் தொடாத, லேகா. எங்க இருக்கு?"

"மடியிலதான். முந்தானையில சுருட்டிச் செருகிட்டேன். பஸ்ஸுல சீட்டும் கெடச்சிடுச்சுங்க."

"உயிரோட இருக்கா?"

"இருக்கும் போல. சில்லுன்னு இருக்கு."

"எந்திரிச்சு நில்லு. குனியாத. அதுமேல கைய வைக்காத."

சிரித்தாள். "கதை ஓடலன்னா ஒடனே என்னைப் பயமுறுத்த வந்துடுவீங்களே! இருங்க, எடுத்துத் திருப்பிப் பாத்துச் சொல்றேன்."

"வேணாம்!"

அதற்குள் லைன் போய்விட்டது.

4

பெயரை மாற்றினால் பயம் குறையுமோ என்று பார்த்தேன். 'தையல்நாயகி பஸ்ஸில் உட்கார்ந்து மடியை அவிழ்த்தாள்.' தையல்நாயகிக்கு என்ன ஆனாலும் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கும். வெட்கமாகிவிட்டது. சந்திரலேகா என்றே திரும்ப எழுதினேன்.

முடிவு அ: திருப்புகிறாள். அகன்ற வாய். ரோஜா நிறச் சதை மடிப்பு மடிப்பாக வெளியே வருகிறது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

முடிவு ஆ: திருப்புகிறாள். விரல் நுனியில் ஒரு குத்து. முதலில் வலிகூடத்

(இதை எழுத மாட்டேன்.)

5

மனைவி அப்படி இருக்க இவன் உட்கார்ந்து எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை. எழுதுவதை நிறுத்தினால் முடிவு ஆ மனதில் ஓடுகிறது. பஸ் எங்கள் ஊர் நெரவிக்கு வரும் நேரமாகிவிட்டது. அடுப்படி இடுக்கியை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடுகிறேன்.

முடிவை உங்களிடம் திணிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது கெஞ்சுகிறேன். அடிப்பக்கத்தை நீங்கள் எழுதுங்கள். வாயை அகலமாக எழுதுங்கள்.