மரத்தில் மோதாத கார்

பொத்தென்று ஒரு சத்தம், கூடவே தகரம் நசுங்கும் சத்தம். அடுப்பில் வெந்துகொண்டிருந்த மரவள்ளிக்கிழங்கை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். என் வெள்ளைக் காரின் கூரைமேல் ஒரு பலாப்பழம் உட்கார்ந்திருந்தது. விழுந்தது உருண்டு கீழேயாவது போயிருக்கலாம். இது கூரையைக் குழியாக்கி, அந்தக் குழிக்குள்ளேயே சௌகரியமாக அமர்ந்துவிட்டது. நல்ல பழுத்த பழம், வாசனை தெருவரைக்கும் போயிருக்கும்.

காரை அங்கே நிறுத்தியது நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காலையில் தூணுக்கும் சுவருக்கும் நடுவில், வெயிலில்தான் நிறுத்தினேன். மார்ச் மாத வெயிலில் சீட்டு கொதிக்கிறது என்று என் வீட்டுக்காரர் தொம்மிச்சன் தன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, தானே காரை நகர்த்திக் கொண்டுபோய் மர நிழலில் விட்டார். காய்த்துத் தொங்குகிற பலாவுக்குக் கீழே காரை விடுகிறவரை காஞ்சிரப்பள்ளி முழுக்கத் தேடினாலும் இன்னொருவரைப் பார்க்க முடியாது.

சாவி எப்போதும் அவர் பையில்தான் இருக்கும். கார் என்னுடையது. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள், அம்மாவுக்கு என்று சொல்லித்தான் பணம் அனுப்பினாள். மூன்றாவது தடவையில் லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ஆனாலும் இவர் பக்கத்தில் உட்காராமல் கேட்டைத் தாண்டியதில்லை. உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. மாடு வருது, பஸ் வருது, பிரேக்கைப் பிடி. எனக்கென்ன கண் இல்லையா? ஒரே ஒரு நாள் தனியாகப் போய் மீன் வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

மரம் பக்கத்து வீட்டு விலாசினிச் சேச்சியுடையது. கிளையில் பாதி எங்கள் பக்கம். எங்கள் பக்கம் விழுகிற பழம் எங்களுக்கு என்பது பழைய ஏற்பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல, தின்று தின்று வந்த வழக்கம். இவர் மதிலருகே போய், உங்கள் பழம் என் காரை உடைத்துவிட்டது, ரிப்பேர் யார் பொறுப்பு என்று ஆரம்பித்தார். சேச்சி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பழத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"உங்க பக்கம் விழுந்தா உங்களுதுன்னு இத்தனை வருஷமா தின்னீங்க. இதுவும் உங்களுதுதான் தொம்மிச்சா."

இவர் அசரவில்லை. இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது என்று என் சித்தப்பா மகன் பென்னிக்குப் போன் போட்டார். எங்கள் காருக்கு இன்சூரன்ஸ் போட்டுக்கொடுத்தவன் அவன்தான். ஸ்கூட்டரில் வந்தவன், முதலில் பழத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் காரைப் பார்த்தான்.

ஒன்றும் கிடைக்காது என்றான். எடுத்திருப்பது தேர்ட் பார்ட்டி மட்டும். சட்டப்படி எல்லாக் காருக்கும் இருந்தாக வேண்டியது அது. நம் கார் யாரையாவது இடித்தால், எதையாவது உடைத்தால், அவர்களுக்குக் கம்பெனி கொடுக்கும். நம் காருக்கே ஏதாவது ஆனால் அதற்கு முழு இன்சூரன்ஸ் வேண்டும். திருட்டு, தீ, வெள்ளம், மேலே விழுகிற பலாப்பழம் எல்லாம் அதில்தான் வரும்.

இவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அப்ப கார் போய் மரத்துல மோதியிருந்தா?"

"விலாசினிச் சேச்சிக்குக் கிடைக்கும், அளியா."

"மரத்துல இருந்து கார் மேல விழுந்தா?"

"யாருக்கும் கிடைக்காது. பழத்தை வேணா அறுக்கலாம்."

அக்கா புருஷனை மச்சான் என்கிற மாதிரி அளியா, அளியா என்று கூப்பிட்டு உருகுவான் பென்னி. அன்றைக்கு அந்த அளியனின் முகத்தில் வந்த பிரகாசத்தைப் பார்த்து அவனே பின்வாங்கினான். இவர் திட்டம் இதுதான். கார் மரத்தில் மோதிவிட்டது என்று எழுதிக்கொடுப்பது, சேச்சிக்கு வரும் பணத்தைச் சேச்சி நமக்குக் கொடுப்பது, அதில் கூரையைச் சரிசெய்வது. மோதினால் மரத்தில் காயம் வேண்டுமே? அரிவாளால் ரெண்டு கொத்து கொத்தினால் போயிற்று.

"கொச்சுராணி ஓட்டினான்னு சொல்லிருவோம்," என்றார். "யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

கொச்சுராணி நான்தான். ஒரு சுவரைக்கூட உரசாத என் பெயரில், நின்ற இடத்தை விட்டு நகராத மரத்தைப் போய் இடித்தவள் என்று எழுதிவிட்டால், அப்புறம் இந்த ஜென்மத்தில் சாவி என் கைக்கு வராது.

அது கள்ளக் கேஸ், என் தொழில் போய்விடும் என்று பென்னி கும்பிட்டான். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சேச்சி, அரிவாளோடு மரத்துக்கிட்ட வந்தால் தெரியும் என்றார். பிறகு குரலை இறக்கி, "கொச்சுராணி இடிச்சான்னா யாரு நம்புவா? தினம் பாக்கறேன், ஒரு உரசல் இல்லாம உள்ள கொண்டுவந்து விடறா. நீங்க விட்டதுதான் இப்படி," என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தைரியம் வந்தது. பென்னியைக் கேட்டேன். சொந்தக்காரன்தானே, முழு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்ல வேண்டாமா?

அவன் செருப்பால் மண்ணைக் கிளறினான். "சொன்னேன் அக்கா. அளியன்தான் வேண்டாம்னாரு."

"ஏன்?"

"ஓட்டப்போறது கொச்சுராணி. அடி வாங்கறது எப்படியும் அடுத்தவன்தான். அவனுக்குக் கிடைச்சா போதும்னாரு."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். முதலில் அழுகைகூட வந்தது. ஆனால் கூரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பழத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், நிறுத்தவே முடியவில்லை. நான் யாரை எல்லாம் இடிக்கப் போகிறேன் என்று கணக்குப் போட்டு வைத்த மனிதர், நின்ற காரைப் பலாப்பழம் இடிக்க விட்டுவிட்டார். சேச்சியும் சிரித்தார். கடைசியில் இவரும் மீசைக்குள் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"சாவி," என்று கையை நீட்டினேன்.

கொடுத்தார்.

பென்னி அன்றைக்கே காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போய் முழு இன்சூரன்ஸ் போட்டுக்கொடுத்தான். பழைய குழிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது, இனிமேல் விழுவதற்குத்தான். குழியை எடுக்கும் செலவு இவருடையது. ஒர்க்‌ஷாப்காரர் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். எந்தத் திங்கட்கிழமை என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஏனென்றால் குழி இடது பக்கம். ஓட்டுகிற எனக்குத் தலை நன்றாகவே நிமிரும். பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் இடம் போதாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பள்ளிக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும்போது இவர் கழுத்தை மடக்கி, முகவாய் நெஞ்சில் பட உட்கார்ந்து வந்தார். அந்த நிலையில் மாடும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது, தன் முழங்காலைத் தவிர ஒன்றும் தெரியாது. பிரேக் என்று ஒரு வார்த்தை இல்லை. வளைவில் எதிரே பஸ் வந்தது. நான் ஒதுங்கி வழி விட்டேன், டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

பள்ளி வாசலில் ஜனம் கூட்டமாக நின்றது. யாருக்கும் லேசில் தலை வணங்காத தொம்மிச்சன் காருக்குள் இப்படிப் பணிவாகக் குனிந்தபடி வருவதைக் கண்டு, வயசானவர்கள்கூடத் திகைத்துப்போய்ப் பதிலுக்குக் கும்பிட்டார்கள். நான் வண்டியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினேன்.