இருபத்தாறு டிகிரி வீடு

மண்டல அலுவலகம் பருவநிலை அவசரநிலையை அறிவித்த மறுநாள் டெல்லியில் நாற்பத்தேழு டிகிரி வெயில் அடித்தது. ரயில் பாதையோரச் சந்தின் முனையில் சந்திரம்மாளின் வீட்டுக்குள் மட்டும் இருபத்தாறு. தகரக் கூரை, பத்தடிக்கு எட்டடி, ஒரு பழைய டேபிள் ஃபேன். கரன்ட் இருந்தாலும் இருபத்தாறு, போனாலும் இருபத்தாறு. ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பியவள், கதவைத் திறந்ததும் வேறு யார் வீட்டிலோ நுழைந்துவிட்டோம் என்று பயந்து வெளியே வந்து கதவு எண்ணைப் பார்த்தாள்.

இதற்குக் காரணம் பாலசுப்ரமணியம். கரோல் பாக்கில் குடியிருக்கும் மண்டல அலுவலகக் குமாஸ்தா. அவள் வேலை செய்யும் ஐந்தில் ஒன்று அவர் வீடு. அறிவிப்போடு மேலே போகவேண்டிய படிவத்தில் 'குளிர்மையம் செயல்படும் முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. மையம் என்று எதுவும் கிடையாது. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் கோப்பு திரும்பி வந்துவிடும். முப்பது வருஷ சர்வீசில் அவர் கோப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த வட்டாரத்தில் அவருக்கு மனப்பாடமான முகவரி ஒன்றுதான், சந்திரம்மாளின் ரேஷன் கார்டு மனுவில் அவரே எழுதிக் கொடுத்தது. அதையே போட்டார். கையெழுத்துகள் விழுந்தன, வீடு கீழ்ப்படிந்தது. சர்க்கார் சொன்னபடி கேட்டது அந்த ஊரிலேயே அது ஒன்றுதான்.

ஒரு வாரத்தில் சங்கதி பரவிவிட்டது. செங்கல் தூக்குகிறவர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், நிறைமாத மருமகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த ஒரு மாமியார், ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் என்று மதியத்தில் முப்பத்தொரு பேர் இடித்துக்கொண்டு கிடந்தார்கள். சந்திரம்மாளுக்குத்தான் இடமில்லை. மயங்கிக் கிடக்கிறவரை எழுந்துபோ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு காலைக் குளிரிலும் ஒரு காலை வெயிலிலும் நீட்டி, வாசலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். வெப்பமானியோடு வந்த பொறியாளர் மூன்று முறை அளந்து குறித்துக்கொண்டு, அவரும் படுத்துவிட்டார்.

"என் வீட்ட அந்த ஃபைல்லேருந்து எடுத்துடுங்க சார். முதுவ நீட்ட எடமில்ல," என்றாள் சந்திரம்மாள், பாலசுப்ரமணியம் வீட்டுச் சாம்பார் குண்டானைத் தேய்த்தபடி.

"எடுத்துடலாம் சந்திரம்மா. ஆனா உங்க சந்து மொத்தமும் இடிக்கற லிஸ்ட்ல இருக்கு. முனைல இருக்கற உங்க வீட்டைத் தாண்டாம மெஷின் உள்ள போக முடியாது. அது கூலிங் சென்டரா இருக்கற வரைக்கும் யாரும் தொட மாட்டா."

அவள் மீதிப் பாத்திரத்தைத் தேய்த்தாள்.

நான்கு கோடைகள் இப்படியே போயின. மரம் நட்டாயிற்று, கூரைகளுக்கு வெள்ளையடித்தாயிற்று என்று வருஷாவருஷம் கட்டங்கள் நிரம்பின, வெயிலும் ஏறியது. ஐந்தாம் கோடையில் காலிக் கட்டமே இல்லாமல் போனதால், நடவடிக்கைகள் முடிந்தன என்று கூட்டத்தில் தீர்மானித்து அவசரநிலையை விலக்கிக்கொண்டார்கள். பாலசுப்ரமணியம் தாமே நடந்து வந்து, நாளைக்கு மெஷின் வருகிறது, சாமானை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சந்திரம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அலுத்திருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜேசிபி வந்தது. விலக்கல் உத்தரவு எல்லோருக்கும் எட்டியிருந்தது, வீட்டுக்கு மட்டும் எட்டவில்லை. நாற்பத்தெட்டு டிகிரியில் இரும்புக் கேபினுக்குள் வெந்துவந்த ஓட்டுநர், முஜாஃபர்பூர்க்காரர், தண்ணீர் கேட்டு வாசலில் நின்றார். முகத்தில் சில்லென்று பட்டது. பத்தே நிமிஷம் பெஹன்ஜி என்று உள்ளே போனார். அவரை எழுப்பப் போன, கூட வந்திருந்த அதிகாரியும் வெளியே வரவில்லை. சாயங்காலம் இருவரும் பதிவேட்டில் 'இடிப்பு நடைபெறுகிறது' என்று எழுதிவிட்டுப் போய், அடுத்த நாள் பதினோரு மணிக்கு மறுபடி வந்தார்கள். நடைபெறும் வேலைக்கு இன்னொரு மெஷின் அனுப்ப விதியில் வழியில்லை.

ஒரு வாரம் கழித்து, வேலை முடிந்து வந்த சந்திரம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ட்ரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே, ஐந்து கோடையாக அவள் கண் வைத்திருந்த மூலையில், ஓட்டுநர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இடிக்க வந்தவரிடம் சொல்ல அவளுக்கு வாய் கூசவில்லை.

"பையா, தோடா, கொஞ்சம் தள்ளிப் படு."

அவர் கண் திறக்காமலே நகர்ந்துகொண்டார். சந்திரம்மாள் முதுகை நீட்டிப் படுத்தாள். வெளியே ஜேசிபியின் நீட்டிய கையில் பக்கத்து வீட்டுக்காரி சேலை காயப்போட்டிருந்தாள். அந்த வெயிலுக்குக் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும்.