கே.டி. கொடுத்தவள்

"இர்ஃபானுக்கு கே.டி. கொடுத்துடுங்க அனிதா" என்று மேனேஜர் சிதம்பரம் சொன்னபோது அனிதா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

கம்ப்யூட்டர் ஆபீஸ்களில் கே.டி. என்றால் ஒருவர் பார்க்கும் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பது. தமிழில் கேடி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அனிதாவின் காதில் இரண்டாவதுதான் முதலில் விழுந்தது. நல்லா வேலை பார்க்கிற ஒருத்தியிடம் எதற்கு வேலையைக் கற்றுக்கொடு என்கிறார்கள்? அனுப்பத்தானே?

பயப்படக் காரணமும் இருந்தது. கம்பெனியின் சென்னைக் கிளையிலிருந்து சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் கிளைக்கு மாற்றலில் வந்தவள் அவள். மாற்றலுக்கென்று அரசாங்கம் கொடுத்த வேலை பாஸ், கம்பெனி வைத்திருக்கும் வரைதான் செல்லும். அது முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், இங்கேயே வேறு கம்பெனிக்குத் தாவ முடியாது. வருடக் கடைசியோடு அது முடிகிறது. அவளை நம்பித் தூத்துக்குடியில் பேங்க் வேலையை விட்டுவிட்டு வந்த கணவன் சேவியர், பாசிர் ரிஸ்ஸில் வாடகை வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறான். பரீட்சை எழுதிக் காத்துக் கிடந்து மகளுக்கு இப்போதுதான் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. பாஸ் போனால் மூன்று பேர் பிழைப்பும் போச்சு.

இர்ஃபான் சென்னையிலிருந்து புதிதாக வந்தவன். காயல்பட்டினத்துப் பையன், தங்கமான பேச்சு. "அக்கா, இது ஏன் இப்படி? அக்கா, அத மாத்தினா என்னாகும்?" என்று பிடுங்கி எடுத்தான். பேச்சு இனிக்க இனிக்க அவளுக்குச் சந்தேகம் கூடியது. அடுத்த வாரம் ஹெச்.ஆரிலிருந்து அவள் டிகிரி சர்டிபிகேட்டைச் சரிபார்க்கக் கேட்டார்கள். இத்தனை வருடம் கழித்து எதற்கு? ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறார்கள், வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வரும்போது, பிரியாணிக் கடையில் சிதம்பரமும் இர்ஃபானும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நின்றதாக அவளுக்குத் தோன்றியது.

"வாங்க லா, சாப்பிடலாம்" என்றார் சிதம்பரம்.

"இல்ல சார், வீட்ல சமைச்சிருக்காங்க."

"அவனுக்கு ரூம் பார்க்க வந்தோம்" என்று அவர் கேட்காமலே விளக்கம் சொன்னார். கேட்காத கேள்விக்கு ஏன் பதில்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பட்டப்பகலில், பிரியாணிக் கடையிலும் பேய்தான்.

அன்று ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பாள், ஒன்றைத் தவிர. மாதக் கடைசியில் எல்லா நாட்டுக் கிளைகளின் கணக்கையும் மூடுவதுதான் அவள் வேலை. அதில் ஜகார்த்தாவை முதலில் மூடிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். முறை மாறினால் எல்லாம் இரண்டிரண்டாக ஏறிவிடும். பட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி, வேறு யாருக்கும் தெரியாது. அது தன் தலைக்குள் இருக்கும்வரை தன்னை அசைக்க முடியாது என்று நினைத்தாள்.

மேலிடத்துக்காரர்கள் எல்லாரும் திரையில் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில் சிதம்பரம் கேட்டார்: "கே.டி. முடிஞ்சுதா?"

"முழுசா முடிஞ்சுது சார்" என்றாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"அப்ப இந்த மாசக் கடைசியில நீங்க லீவு எடுங்க. அவன் தனியா செய்யட்டும்."

பார்த்தீர்களா, ஒத்திகை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பார்க்கட்டும்.

மாதக் கடைசி நாள், லீவில் வீட்டில் இருந்தவளுக்கு மதியம் ஆபீஸிலிருந்து போன் வந்தது: கணக்கெல்லாம் இரண்டிரண்டாக ஏறிவிட்டது, உடனே வர வேண்டும். பாசிர் ரிஸ்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை ரயிலில் அவள் முகத்தில் ஒரு வெற்றிக் களை. நேராகப் போய் உட்கார்ந்து, ஏறியதையெல்லாம் இறக்கி, ஜகார்த்தாவில் தொடங்கி வரிசையாக மூடினாள். ஆபீஸே அவளைச் சுற்றி நின்றது. இர்ஃபான் முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா சொல்லியிருப்பாங்க சார். நான்தான் சரியா கேட்டுக்கல" என்றான் சிதம்பரத்திடம்.

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் இதுவும் நடிப்பாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் சிதம்பரம் அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கையெழுத்தாகிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க. இனி சொன்னா என்ன" என்று ஆரம்பித்தார். "இந்தக் கணக்கு மூடுற வேலை டிசம்பர்ல சென்னைக்குப் போகுது. இர்ஃபான் கத்துக்கிட்டுப் போய் அங்க பார்க்கணும், அதுக்குத்தான் வந்தான். உங்கள மாற்றல் பாஸ்ல இருந்து எடுத்து, இங்கேயே டீம் லீடா போடுறதா இருந்துச்சு. சர்டிபிகேட் கேட்டது அந்தப் புது பாஸுக்குத்தான்."

அனிதா நிமிர்ந்து பார்த்தாள். "இருந்துச்சுன்னா?"

"அவனால முடியலன்னு எல்லாரும் பார்த்துட்டாங்க. இது அனிதாவ விட்டா ஆள் இல்லாத வேலைன்னு மேலிடத்துல முடிவாயிடுச்சு. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன் லா. வேலை சென்னைக்குப் போகுது, நீங்களும் கூடப் போகணும்."

"இன்னொரு தடவை அவனுக்குச் சொல்லித் தர்றேன் சார்."

"இனிமே சொல்ல என்ன இருக்கு? முழுசா முடிஞ்சுதுன்னு நீங்கதானே அவங்க முன்னாடி சொன்னீங்க?"

அவர் உண்மையாகவே கேட்டார். ஒரே வரிதான், சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டுமென்றே மறைத்தவள் என்று ஆகும். அப்படிப்பட்டவளை டீம் லீடாக யார் போடுவார்கள்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதைத் தட்டிவிடவும் கையில்லாமல் நின்றாள். "ஒண்ணும் இல்ல சார்" என்று வெளியே வந்தாள். இர்ஃபான் எழுந்து நின்று, "டீ வாங்கிட்டு வரட்டுமாக்கா?" என்றான். அவளுக்கு அழுகை முட்டியது.

வீட்டில் சேவியர் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாஸ் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றான்.

"இந்த வேலைய என்னத் தவிர யாராலயும் செய்ய முடியாதாம்."

சேவியர் முகம் மலர்ந்துவிட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "நான் அப்பவே சொல்லல? நீதான் கண்டதையும் நெனச்சுப் பயந்த. உன்ன எப்படி விடுவாங்க?"

"ஆமாங்க, விடல" என்றாள் அனிதா. "வேலையோட சேத்து சென்னைக்கு அனுப்புறாங்க."