மதியமே அடித்த கடைசி மணி

ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னால் அவளுக்கு உயிர் போய்விடும். பம்பரம் என்ற பேர் சும்மாவா வந்தது? கணக்கு வகுப்பில் சத்தமாகக் கொட்டாவி விட்டதற்காக அன்று மதியம் தலைமையாசிரியை அறை வாசலில் நிற்க வைத்திருந்தார்கள்.

நிற்க வைத்த இடத்தைப் பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் மணியின் சுவிட்ச். பத்தாம் வகுப்புக்காரியின் கை சும்மா இருக்குமா? இந்தப் பள்ளிக்கூடம் நாசமாய்ப் போகட்டும் என்று அழுத்தினாள். விடாமல், நீளமாக. அது வீட்டுக்குப் போகும் மணி.

மேலே இரண்டு மாடியும் ஹோவென்று கத்தியது. பம்பரத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகுதான் படிக்கட்டின் அடியில் இருக்கும் கம்பிக் கதவு ஞாபகம் வந்தது. போன மாதம் அவள் வகுப்பிலிருந்து நழுவி ஓடியதிலிருந்து அதைப் பூட்டியே வைக்கிறார்கள். கடைசி மணியை அடித்துவிட்டு பியூன்தான் வந்து திறப்பார். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். கதவை நோக்கி ஓடினாள்.

முதலில் வந்து மோதியது முதல் மாடிப் பொடிசுகள். பின்னால் பெரிய வகுப்புகள். கீழே பூட்டியிருப்பது மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கம்பியில் நசுங்கிய முகங்களில் ஒன்று அவள் தம்பி. ஒன்றாம் வகுப்பு. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

"தள்ளாதீங்க! பூட்டியிருக்கு! மேல ஏறுங்க!"

தொண்டை கிழியக் கத்தினாள். யார் காதில் விழுந்தது? செத்துப்போவான், என்னால் செத்துப்போவான் என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை.

தலைமையாசிரியை ஓடிவந்தார். "யாருடி மணி அடிச்சது?"

"நான்தான் மிஸ். சாவி குடுங்க மிஸ், என் தம்பி!"

அந்தம்மா உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். கை நடுங்கியதில் சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. எல்லோரையும் மிரட்டுகிறவர் இப்படிப் பயந்து பம்பரம் பார்த்ததில்லை. சாவியைப் பிடுங்கி அவளே திறந்தாள்.

பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். அடியில் கிடந்த தம்பியை இழுத்து எடுத்தாள். மூச்சுப் பேச்சில்லை. முதுகில் தட்டினாள், உலுக்கினாள், சாமி சாமி என்று அழுதாள். ஒருவழியாக இருமினான். கன்னத்தில் கம்பி பதிந்து சிவந்திருந்தது.

"நான்தான்க்கா ஃபர்ஸ்ட்டு" என்றான் திணறிக்கொண்டே. "லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்னு தினமும் சொல்வியே. அதான் மணி அடிச்சதும் ஓடி வந்தேன்."